பூசணிக்காயைக் கழிக்க மறந்த கணக்கு

எங்கள் திண்டுக்கல்லில் ஒருவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை பஸ் கிளம்புவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். பேங்க்கில் இருக்கேன், வாத்தியாரா இருக்கேன், பிரியாணிக் கடை வச்சிருக்கேன், தோல் ஏவாரம். முடிந்தது. கேட்டவர் "அப்படியா, சந்தோசம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார். என் வேலையைச் சொல்ல ஆரம்பித்தால் பஸ் செம்பட்டியைத் தாண்டிவிடும். அப்போதும் கேட்டவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்காது. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "மெட்ராஸ்ல ஒரு கம்பெனிங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆனால் உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சக் கதை புரியாது. கடலுக்கு நடுவே ஒரு பெரிய மிதவையை நிறுத்தி, அதன் மேலிருந்து ராக்கெட்டை விண்ணுக்கு அனுப்ப முயலும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். ராக்கெட் செய்வது நான் இல்லை. (அவர்கள் தனி அறையில், ஏ.சி.யில் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஃபேன்தான்.) மிதவை சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே என் வேலை. மிதவையின் அடியில் நாலா பக்கமும் தொட்டிகள் இருக்கும். ஒரு பக்கம் பாரம் ஏறினால் எதிர்ப்பக்கத் தொட்டியில் தண்ணீரை நிரப்ப வேண்டும். பாரம் இறங்கினால் அந்தத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அவ்வளவுதான். மளிகைக் கடைக்காரர் தராசில் செய்வதைத்தான் நான் கடலில் செய்கிறேன். அவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது, எனக்கு இல்லை.

கவிதாவை நான் பார்த்தது கொடைரோட்டில், ஒரு நண்பனின் கல்யாணப் பந்தியில். பக்கத்து இலை. கால்நடை மருத்துவர், ஊர் பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி. பேச்சுவாக்கில் என்ன வேலை என்று கேட்டாள். வழக்கமான அலுப்போடு ஆரம்பித்தேன். சாம்பார் போய், ரசம் போய், பாயசம் வரும்வரை சொன்னேன். முழுக்கக் கேட்டவள் பாயசத்தை வழித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"ராக்கெட்டு கெளம்புன செகண்டுல அத்தன பாரமும் மேல போயிருமில்லீங்க? அப்ப மிதவை என்னாகும்?"

இலையில் கை அப்படியே நின்றுவிட்டது. என்னை வேலைக்கு எடுத்தவர்கள்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கல்யாணம் என்று ஒன்று செய்தால் இவளைத்தான் என்று அந்தப் பந்தியிலேயே முடிவு செய்துவிட்டேன். (அந்தக் கேள்வியை மட்டும் ஒழுங்காக ஞாபகம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.)

ஒரு வருடம் போனது. இரண்டு வீட்டிலும் பேச வேண்டியதைப் பேசி, அழ வேண்டியதை அழுது, சாப்பிடாமல் இருக்க வேண்டியவர்கள் சாப்பிடாமல் இருந்து, ஒருவழியாக எல்லாரும் ஓய்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் அப்பா வேலுச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். லாரி லாரியாக முருங்கையும் தக்காளியும் கேரளாவுக்கு ஏற்றிவிடுகிறவர். சாதி, சொந்தம் எல்லாவற்றையும் மகளுக்காக விழுங்கிவிட்டார். என் வேலையை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

"ஏனுங்க தம்பி, ராக்கெட்டு வுடறதுக்குத் தரையில எடமில்லீங்களா?"

"இருக்குங்க. ஆனா தரையிலருந்து விட்டா, கழண்டு விழுற பாகம் ஊருக்கு மேல விழுந்துரக் கூடாது. பக்கத்து நாட்டுத் தலைக்கு மேல போகக் கூடாதுன்னு சுத்தி வளைச்சு ஓட்டணும். எரிபொருள் வீண். கடல்னா மிதவைய வேணுங்கற எடத்துக்கு இழுத்துட்டுப் போயி, அங்கருந்து நேரா விட்டுரலாம்."

அவர் காபியை ஒரு மடக்கு குடித்தார்.

"அப்பப் பைபாஸுங்க."

"ஆமாங்க." எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை.

"இதுவரைக்கும் எத்தன வுட்டிருக்கறீங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மிக்சர் தட்டைப் பார்த்தாள்.

"இன்னும் விடலைங்க. மிதவை ரெடியாயிருச்சு. ராக்கெட்டுதான் வரணும்."

"ஓ. பஸ்ஸு வருலீங்க, ஸ்டாண்டு மட்டும் கட்டியிருக்கறீங்க."

இந்த இடத்தில் எங்கள் தங்கராசு மாமா, அம்மாவின் தம்பி, வாயைத் திறந்தார். அவர் வாயைத் திறந்த இடங்களையெல்லாம் தொகுத்தால் அதுவே எங்கள் குடும்பத்தின் சோக வரலாறு. "அப்படிச் சொல்லாதீக. எங்க அக்கா மகன் சின்னதா ஒரு ராக்கெட்டும் மிதவையும் சொந்தமாவே செஞ்சு வச்சிருக்கான். என்னைக்கு வேணும்னாலும் விட்டுக் காட்டுவான். அம்புட்டு ஒசரம் போவும்!" என்று கையை உயர்த்தினார். கை ஃபேனில் படாமல் தப்பியது. என்னிடம் அப்போது ராக்கெட்டும் இல்லை, மிதவையும் இல்லை.

வேலுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பச் சரிங்க. நம்ம தோட்டத்துல பண்ணைக் குட்டை இருக்குது, தண்ணி ரொம்பிக் கெடக்குது. ஒருக்கா வுட்டுக் காட்டுங்க. நேரா மேல போச்சுன்னா அங்கியே சொந்தபந்தத்து முன்னாடி வெத்தல பாக்கு மாத்திக்கலாம். போகுலீன்னா..." என்று நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஈரோட்டுப் பக்கம் இன்னொரு எடம் கேட்டுட்டிருக்கறாங்க. பையன் கவர்மெண்டு."

இப்படியாக என் கல்யாணம், கடலே இல்லாத மாவட்டத்தில், ஒரு குட்டையில் வந்து நின்றது.

வேறு வழியில்லாமல் செய்ய ஆரம்பித்தேன். நீல நிற பிளாஸ்டிக் டிரம் நான்கு வாங்கி, மூங்கிலைக் கட்டி, மேலே பிளைவுட் பலகையை அடித்தேன். அதுதான் மிதவை. டிரம்மில் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றினால் அந்த மூலை இறங்கும், மொண்டு எடுத்தால் ஏறும். ராக்கெட் என்பது பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் மூன்றை ஒன்றோடொன்று ஒட்டி, தெர்மாகோல் இறக்கை வைத்து, மூக்கில் ஒரு ஸ்பாஞ்சு பந்தைச் செருகியது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்து நிறுத்தி, கம்ப்ரஸரால் காற்றடித்து, கயிற்றை இழுத்தால் வாய் திறக்கும். தண்ணீர் கீழே பீறிட, பாட்டில் மேலே பறக்கும். நெருப்பு கிடையாது, மருந்து கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் செய்கிற சமாசாரம்தான். நான் செய்தது கொஞ்சம் பெரிது, ஏனென்றால் எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

முந்தைய நாள் சாயங்காலம் மாமாவின் மினி வேனில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெய்க்காரப்பட்டித் தோட்டத்துக்குப் போய், ஒத்திகை பார்த்தோம். மிதவை தட்டு மாதிரி சமமாக நின்றது. ராக்கெட் தென்னைமர உயரத்தைத் தாண்டி நேராகப் போய், நேராகக் குட்டைக்குள் விழுந்தது. "அப்பு, சாதிச்சிட்டடா!" என்று மாமா கட்டிக்கொண்டார். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அன்றோடு சரி, அப்புறம் அந்த மரியாதையைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குட்டையின் எதிர்க்கரையில் சாமியானா போட்டு, சேர் போட்டு, முன்னால் ஒரு மேசையில் தாம்பூலத் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எதிர்க்கரையில் போடச் சொன்னது நான்தான். பாதுகாப்பு தூரம் வேண்டுமாம். மிதவையை இந்தக் கரையில், குட்டைக்குள் நீட்டியிருந்த ஒரு பலகையின் முனையில் கட்டியிருந்தேன். கம்ப்ரஸர் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் ஊறிப் போகாமலிருக்கக் குட்டை முழுக்கக் கறுப்பு பாலிதீன் ஷீட் விரித்திருந்தது. பாசி வேறு பிடித்திருந்தது. கால் வைத்தால் நிற்காது.

எல்லாம் தயார் என்று நான் கையைத் தட்டியபோது வேலுச்சாமி பலகை மேல் நடந்து வந்தார். பின்னால் மண்டி ஆள் இரண்டு பேர் எதையோ தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி, சாமி கும்புடாம எப்படீங்க?"

அது ஒரு சாம்பல் பூசணிக்காய். மண்டிக்காரர் வீட்டு விசேஷம் அல்லவா, வந்த லோடிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார். கன்றுக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது. மேலே குங்குமம் தடவி, கற்பூரத்துக்கு இடம் வைத்திருந்தார்கள். கூடவே தேங்காய், வாழைப்பழச் சீப்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர், ஏற்றிய குத்துவிளக்கு, ஆளுயர மாலை. எல்லாவற்றையும் மிதவை மேல், கைக்கு எட்டும் பலகைப் பக்கமாகவே அடுக்கினார்கள். மிதவை மெல்லப் பலகைப் பக்கம் சாய்ந்து, ராக்கெட் என்னைப் பார்த்துத் தலைகுனிந்தது.

"ஐயோ, வேணாங்க..." என்று வாயெடுத்தேன். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

"ஏலே, அவுக சாமி கும்புடுறதத் தடுத்தா பொண்ணு குடுக்க மாட்டாக. வாய மூடிக்கிட்டு ஆவுற வேலையப் பாரு."

ஆகிற வேலை எனக்குத் தெரிந்த ஒரே வேலைதான். பாரம் இந்தப் பக்கம் ஏறிவிட்டது, எதிர்ப்பக்கம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிர்ப்பக்க டிரம் இரண்டிலும் ஹோஸ் பைப்பை விட்டுத் தண்ணீரை ஏற்றினேன். தேங்காய்க்கு இவ்வளவு, குடத்துக்கு இவ்வளவு, பூசணிக்காய்க்கு மட்டும் அவ்வளவு. மனசுக்குள் கணக்குப் போட்டு, பலகையில் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மிதவை மறுபடி சமமாக நின்றது. ராக்கெட் விறைப்பாக வானத்தைப் பார்த்தது. ராக்கெட் தளத்தில் பூசணிக்காயையும் சேர்த்துக் கணக்குப் போட்ட முதல் இன்ஜினியர் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் என் பிழைப்பைக் கெடுத்தது.

எதிர்க்கரையில் பட்டுப்புடவையில் நின்றிருந்த கவிதா என்னைப் பார்த்து என்னவோ சைகை செய்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சுற்றிச் சுற்றி, பொத்தென்று கீழே போடுவது போலக் காட்டினாள். மறுபடியும் அதையே காட்டினாள். பாவம், எனக்குக் கண்பட்டுவிடும் என்று திருஷ்டி கழிக்கிறாள் போல என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்ல நேரம் முடியப் போவுதுடா!" என்று மாமா கத்தினார். நான் அம்மாவையும் மண்டி ஆட்களையும் எதிர்க்கரைக்கு அனுப்பி, கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு, மிதவைக்கு முதுகைக் காட்டி, காற்றழுத்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் அணைத்துவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "பத்து!" என்று கத்தினேன். எதிர்க்கரையிலிருந்து மொத்தச் சொந்தமும் "ஒம்போது! எட்டு!" என்று சேர்ந்துகொண்டது. எனக்கு ஒரே பெருமை.

என் முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். (அந்த வீடியோ இரண்டு குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்னும் இருக்கிறது. யார் பிறந்தநாள் என்றாலும் எவனாவது ஒருவன் அதை மேலே ஏற்றிவிடுகிறான்.) எண்ணிக்கை ஆரம்பித்ததும் வேலுச்சாமி பலகை நுனிக்கு வருகிறார். கற்பூரத்தைக் கொளுத்துகிறார். குனிந்து, அந்தப் பூசணிக்காயை இரண்டு கையாலும் அணைத்து, ஒரு மூச்சுப் பிடித்து, மிதவையிலிருந்து தூக்கிவிடுகிறார்.

ஏன் தூக்க மாட்டார்? லாரி வாங்கினாலும், கடை திறந்தாலும், கட்டடம் முடிந்தாலும் பூசணிக்காயைச் சுற்றி உடைப்பார்கள். உடைப்பதற்குத்தான் பூசணிக்காய். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் இது தெரியாத ஒரே ஜீவன், அந்தப் பூசணிக்காய் ஆயுசுக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று நம்பி எதிர்ப்பக்கம் தண்ணீரை ஏற்றியவன்தான். பாரம் போனதும் மிதவை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ராக்கெட்டின் மூக்கு வானத்தை விட்டு இறங்கி, எதிர்க்கரைச் சாமியானாவை நேராகப் பார்த்தது.

"சைபர்!" என்றேன். கயிற்றை இழுத்தேன்.

ராக்கெட் தண்ணீரை உரசிக்கொண்டே குட்டையைக் கடந்தது. கரையில் ஒரு குதி குதித்துச் சாமியானாவுக்குள் புகுந்தது. சொந்தபந்தம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. தாம்பூல மேசையில் போய் மோதி, நடுத் தட்டை அடித்துத் தூக்கியது. வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் மேலே போய், நிதானமாகப் பெரியவர்கள் தலையில் இறங்கின. அன்றைக்கு மேலே போனது அவை மட்டும்தான்.

ராக்கெட் ஒரு பக்கம் போனால் அதன் தண்ணீர் மறுபக்கம்தானே வர வேண்டும். வந்தது. பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, எரியும் கற்பூரத்தோடு சுற்றிக்கொண்டிருந்த என் வருங்கால மாமனார் முகத்தில் பீறிட்டு அடித்தது. மனுஷர் கால் வழுக்கி, பூசணிக்காயோடு குட்டைக்குள் போனார்.

திரும்பிப் பார்த்தேன். பலகையில் ஆளைக் காணவில்லை. தண்ணீரில் வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது. என் உயிரே போய்விட்டது. கவிதாவின் அப்பா! ஒரு நொடிகூட யோசிக்காமல் குதித்துவிட்டேன்.

கால் பலகையை விட்டு எழும்பி, உடம்பு காற்றில் இருந்தபோதுதான் எனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. நான் திண்டுக்கல் டவுன்காரன். எங்களுக்குத் தண்ணீர் என்பது லாரியில் வருவது, குடத்தில் பிடிப்பது. அதற்குள் இறங்குகிற வழக்கமில்லை. ஆபீசில் மிதவைக்குப் போகும்போதெல்லாம் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுவிடுவார்கள், அதனால் இந்தக் குறை யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்தேன். மேலே வந்தேன். கையில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட, சாமி கும்பிடுகிற மாதிரி கட்டிக்கொண்டேன். பூசணிக்காய். ஒரு கீறல்கூட விழாமல் மிதந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி," என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. வேலுச்சாமி. கிணற்றில் குதித்து வளர்ந்தவர், தண்ணீரில் நின்றபடி சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க எதுக்குங்க குதிச்சீங்க?"

"உங்களக்... காப்பாத்த..."

"நீச்சத் தெரியாதுங்களா?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. "கடல்லதான வேல பாக்கறீங்க!" என்றார், கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போய் மிதவையின் மூங்கிலைப் பிடிக்கவைத்தார். பலகை கைக்கு எட்டாத உயரம், கரையில் ஏறலாமென்றால் பாலிதீன் வழுக்கியது. அவர் ஏறிப் பார்த்தார், சறுக்கி வந்தார். நான் ஏறிப் பார்த்தேன், அவர் மேலேயே சறுக்கி வந்தேன். எதிர்க்கரையிலிருந்து கயிறு வரும்வரை மிதவையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு பேரும் ஒரே பக்கம் தொங்கினோம். மிதவை எங்கள் பக்கம் கவிழப் பார்த்தது. உயிர் போகிற நேரத்திலும் பழக்கதோஷம் போகுமா?

"மாமா," என்றேன். (எப்போது மாமா ஆனார் என்று எனக்கே தெரியாது.) "நீங்க கொஞ்சம் எதிர்ப்பக்கம் போயிப் பிடிச்சுக்கங்க. ரெண்டு பாரமும் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. பூசணிக்காய இந்த மூலைல வச்சிருறேன், நீங்க என்னைவிடக் கனம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீந்தி எதிர்ப்பக்கம் போய்ப் பிடித்தார். நான் பூசணிக்காயை என் பக்க மூலையில் ஏற்றி, ஒரு சாண் உள்ளே தள்ளினேன். மிதவை ஆடி, அசைந்து, சமமாக நின்றது. மிதவைக்கு அந்தப் பக்கம் அவர் தலை, இந்தப் பக்கம் என் தலை. நடுவில் குத்துவிளக்கு எப்படியோ விழாமல், அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இதானுங்களா உங்க வேல?" என்றார்.

"ஆமாங்க. இது மட்டுந்தாங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தாப் புரிஞ்சிருக்குமில்லீங்க. லாரில லோடு ஏத்தற மாதிரித்தான. ஒரு பக்கம் ஏத்துனா வண்டி கவுந்துரும்." முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார். "பூசணிக்காய நான் எடுப்பன்னு உங்களுக்குத் தோணுலீங்களா?"

"தோணலைங்க."

"ஒடைக்கறதுக்குத்தானுங்க வெக்கறது."

"இப்பப் புரியுதுங்க."

அதற்குள் தங்கராசு மாமாவும் மண்டி ஆட்களும் கயிற்றை வீசி எங்களை இழுத்துப் போட்டார்கள். பலகையில் மல்லாந்து கிடந்த என் பக்கத்தில், எதிர்க்கரையிலிருந்து ஓடி வந்த கவிதா உட்கார்ந்து வயிற்றை அமுக்கினாள். "நான் மாட்டுக்குத்தான் பாக்கறது, இருந்தாலும் வாயத் தொறங்க" என்றாள். அப்புறம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் பல்லைக் கடித்தாள். "கை காட்டிக் காட்டிச் சொன்னனே, பூசணிக்காய எடுத்துருவாங்கன்னு! அன்னைக்குப் பந்திலயே இதத்தான கேட்டேன், பாரம் போயிருச்சுன்னா மிதவை என்னாகும்னு!" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பா அழுகையா என்று கேட்கும் நிலைமையில் நான் இல்லை.

எதிர்க்கரை ஒரே கூச்சல். கவிதாவின் பெரிய அத்தை தலையிலிருந்த வெற்றிலையை எடுத்து வீசிவிட்டு, எல்லாருக்கும் கேட்க ஆரம்பித்தார். "இது நல்லதுக்கில்ல சாமி. தட்டு போச்சு. பூசணிக்காயும் ஒடையல. கடல்ல வேல பாக்கறேன்னு சொல்றான், நீச்சலே தெரியல. இவனுக்கா பொண்ணு? ஈரோட்டுக்கு இப்பவே போனப் போடு!"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தங்கராசு மாமா வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறக்கவில்லை. நான் படுத்தபடியே வானத்தைப் பார்த்தேன். ராக்கெட் போயிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முடிந்தது, நாளைக்குக் காலையில் மெட்ராஸ் ரயில் என்று நினைத்தேன். கவிதாவின் கை என் சட்டையை விடவில்லை.

வேலுச்சாமி வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நடந்து போய் அக்காவின் முன்னால் நின்றார்.

"அக்கா, நான் இத்தன வருசமா முருங்கக்காய் ஏவாரம் பண்றேன். ஒருக்காவது நான் மரம் ஏறிப் பாத்திருக்கறயா?"

அத்தை தலையில் மிச்சமிருந்த பாக்கைத் தட்டிவிட்டார்.

"நீச்சத் தெரியாதவன் எனக்காகக் குதிச்சான். ஈரோட்டுக்காரன் குதிப்பானா, போன் போட்டுக் கேளு." பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாரும் கேட்க, "எந்திரிச்சு வாங்க மாப்ள, வெத்தலயப் பொறுக்குங்க" என்றார்.

பொறுக்கினேன். இரண்டு குடும்பமும் குனிந்து புல்லுக்குள் வெற்றிலை பொறுக்கியது. நசுங்கிய தட்டை அம்மா முட்டியில் வைத்து ஓரளவு நிமிர்த்தினாள். ஈர வேட்டியோடு வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். அந்தப் பூசணிக்காயைக் கடைசியில் கரையில்தான் உடைத்தார்கள். நான் ரொம்ப தூரம் தள்ளி நின்றுகொண்டேன்.

அந்த நசுங்கிய தட்டு இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அதில்தான் சீர்வரிசை எடுத்துப் போக வேண்டும் என்பது மாமனார் கட்டளை. போகிற இடத்திலெல்லாம் யாராவது "தட்டு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். மொத்தக் கதையும் மறுபடி ஆரம்பிக்கும். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கட்டினால் கவிதா, "பூசணிக்காயைக் கழிச்சாச்சா?" என்பாள். எதையோ மறந்துவிட்டேன் என்று அர்த்தம். அவள் கேட்ட எந்தத் தடவையும் நான் எதையாவது மறக்காமல் இருந்ததில்லை. தெரியாத்தனமாக ஆபீசில் ஒருவனிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது மீட்டிங்கில் பெரிய அதிகாரியே, "இதில் பூசணிக்காய் எது?" என்று ஆரம்பிக்கிறார்.

எங்கள் ராக்கெட் இன்னும் கிளம்பவில்லை. மிதவை கடலில் நிற்கிறது, சமமாக நிற்கிறது, அதன் மேல்தான் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் காற்று சரியில்லை, ஒரு மாதம் அனுமதி வரவில்லை, ஒரு மாதம் ஏ.சி. அறைக்காரர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்டியிலிருந்து மாமனார் போன் செய்வார். "மாப்ள, போச்சுங்களா?" "இல்லீங்க மாமா." "பூசணிக்காயி இருக்குதுங்களா, எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்து, இருமி, போனை வைப்பார். நான் சிரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அவர் போன் வராத ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னவோ போல இருக்கும்.

போன வாரம், திண்டுக்கல்லில் படிக்கும் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போனில் கூப்பிட்டார். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். என் மகள் எழுந்து நின்று, "எங்கப்பா பூசணிக்காய் சாயாமப் பாத்துக்குவாரு" என்று சொல்லியிருக்கிறாள்.

"பாப்பா சொல்றது எனக்குச் சரியாப் புரியல சார். நீங்க என்ன வேலைல இருக்கீங்க?"

நான் மூச்சை இழுத்தேன். கடல், மிதவை, தொட்டி, தண்ணீர் என்று எல்லாம் தொண்டைவரை வந்தது. அப்படியே நின்றது.

"காய்கறி மண்டிங்களா சார்?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க மிஸ்," என்றேன்.

"அப்படியா, சந்தோசம்" என்று சொல்லி அவர் போனை வைத்தார்.